குரல் கிடைக்கப்பெறவில்லை

இதை எழுதத் துணிந்ததற்காக முதற்கண் பொறுத்தருள வேண்டுகிறேன். எனக்கு எழுத்துப் பழக்கம் இல்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் முறையாகத் தமிழ் படித்தேன் என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் எழுதியவை இரண்டே வகை. ஒன்று, எடைக்கருவிகள் சரியாக எடை காட்டுகின்றன என்று நான் கையொப்பமிட்டுத் தரும் சான்றுகள். மற்றொன்று, கடந்த எட்டு மாதங்களாக அயலகத் தொடர்பு நல்கை வாரியத்துக்கு எழுதிவந்த விண்ணப்பங்கள். முதல் வகையில் உணர்ச்சிக்கு இடமில்லை. இரண்டாவதில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. ஐம்பது எழுத்துகளுக்கு மேல் அதில் ஏறாது. மிச்சத்தை வேறெங்கே எழுதுவது என்று தெரியாமல்தான் இங்கு வந்திருக்கிறேன்.

வாரியத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அங்குள்ளவர்கள் அனைவரும் என்னிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

என் அப்பா முப்பத்தோர் ஆண்டுகள் நகரப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். சென்ற ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கத்தையும் பேச்சையும் அது கொண்டுபோயிற்று, அறிவை விட்டுவைத்தது. செய்தித்தாளில் அச்சுப்பிழை கண்டால் விரலால் குத்திக் காட்டுவார். எங்களோடு இருக்கும் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, இடது கையால் எழுதிப் பழகுமாறு ஒரு நோட்டை வாங்கிக் கொடுத்தாள். கோணல்மாணலாக வந்த தம் எழுத்தைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, நோட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். மறுநாள் அத்தை மருந்து புகட்டிவிட்டுத் திரும்பியபோது, மருந்துக் கரண்டியைப் பிடுங்கிக் கட்டிலின் இரும்புக் கம்பியில் ஒருமுறை தட்டினார். அத்தை திடுக்கிட்டு நின்றாள். உடனே இருமுறை தட்டினார். அத்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் நடத்துநரின் மகள்; எனக்கு விளங்கியது. பேருந்தில் ஒரு மணி அடித்தால் நில், யாரோ இறங்க வேண்டியிருக்கிறது. இரு மணி அடித்தால் போகலாம்.

அன்று முதல் வீட்டில் அதுவே மொழியாயிற்று. ஒரு தட்டல் என்றால் வேண்டாம், இல்லை, பொறு. இரு தட்டல் என்றால் சரி, ஆமாம், போகலாம். இந்த இரண்டைக் கொண்டே அவர் சண்டை போடுவார், கிண்டல் செய்வார், அத்தையின் புதுக் கண்ணாடி அவளுக்குப் பொருந்தவில்லை என்று தீர்ப்புக் கூறுவார்.

நாள்தோறும் மதிய இடைவேளையில் பணியிடத்திலிருந்து அவரை அழைப்பேன். அத்தை கைபேசியைக் கம்பியருகே வைப்பாள். வீட்டில் இருந்தது அந்த ஒரே கைபேசிதான். அப்பாவின் பெயரில் உள்ளது. அன்று எந்தக் கடையின் தராசு எத்தனை கிராம் பொய் சொன்னது என்று விவரிப்பேன். அவர் இருமுறை தட்டிய பிறகே அழைப்பைத் துண்டிப்பேன். ஒரேயொரு நாள் அவசரத்தில் அதற்கு முன்பே துண்டித்துவிட்டேன். அன்று மாலை முழுவதும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "படியில கால வெச்சிருக்கும்போதே வண்டிய எடுத்துட்டியாம்டி" என்று அத்தை அவருக்காக விளக்கம் சொன்னாள். அப்பா இருமுறை தட்டி அதை உறுதி செய்தார்.

இந்நிலையில், நுண்ணெடைக் கருவிகளில் பயிற்சி பெறுவதற்காக என் நிறுவனம் என்னை இருபது நாள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடிவு செய்தது. மறுத்துவிடலாம் என்றே எண்ணினேன். கட்டிலருகே அமர்ந்து, "போகட்டுமாப்பா?" என்று கேட்டேன். நெடுநேரம் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருமுறை தட்டினார்.

வெளிநாடு செல்வோர் தம் கைபேசியையும் மடிக்கணினியையும் வாரியத்தில் பதிந்துகொள்ள வேண்டும். பதிவுக்கு முன் 'தொடர்பு நல்லுணர்வு வகுப்பு' என்று ஒன்று உண்டு. மூன்று மணி நேரம். உள்ளே நுழையும்போதே அனைவரின் கைபேசிகளையும் அணைத்துக் கூடையில் போடச் சொன்னார்கள். சுவர் முழுவதும் 'எங்கிருந்தாலும் அருகில்' என்று எழுதியிருந்தது. வகுப்பெடுத்த அலுவலர் எங்களைக் கண்களை மூடச் சொன்னார். உலகில் நமக்கு மிக நெருக்கமானவரை நினைக்க வேண்டும். கண்ணைத் திறந்ததும் அவருடைய எண்ணைப் படிவத்தில் எழுத வேண்டும். ஓர் எண் மட்டுமே. அதற்கு 'அருகாமை எண்' என்று பெயர். என் பக்கத்தில் இருந்தவர் தயங்கித் தயங்கி எழுந்து, தமக்கு அம்மாவும் இருக்கிறார், மனைவியும் இருக்கிறார் என்று தெரிவித்தார். அது குடும்பத்துக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியது, வாரியம் தலையிடாது என்றார் அலுவலர். இந்தப் படிவத்தால் பல குடும்பங்களில் தெளிவு பிறந்திருக்கிறது என்றும் மகிழ்ச்சியோடு குறிப்பிட்டார்.

பிறகு அவர் ஆற்றிய உரையின் ஒரு பகுதியை அப்படியே தருகிறேன்.

"முன்னாடியெல்லாம் வெளியூர் போனவங்க, யார் வேணாலும் யார்கிட்ட வேணாலும் எப்ப வேணாலும் பேசிட்டிருந்தாங்க. ஒரு ஒழுங்கே கிடையாது. இப்ப பாருங்க. போன வருஷம் நாப்பதாயிரம் பேர் நம்ம மூலமா போனாங்க. அங்கேருந்து ஒரு புகார்கூட வரல. புகார் குடுக்கணும்னா இணைப்பு கிடைச்சிருக்கணும்னு சிலபேர் சொல்றாங்க. அவங்க எப்பவும் குறைதான் சொல்வாங்க."

நடைமுறை எளிது. பயணி வெளிநாட்டில் இறங்கிய மறுநாளிலிருந்து, வேலை நாள்தோறும் காலை பத்து இருபதுக்கு, வாரியத்தின் இயந்திரம் அருகாமை எண்ணை அழைக்கும். அதே நேரத்தில் அந்தக் கைபேசியின் திரையில் ஏழு இலக்க உறுதி எண் ஒன்று தோன்றும். எண்ணின் உரிமையாளர் நாற்பது நொடிக்குள் அதைத் தம் சொந்தக் குரலில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் இணைப்புத் திறந்துவிடும். அதுவரை இரு கைபேசிகளும் பாதுகாப்பு கருதி மூடியே இருக்கும்.

என் முறை வந்தபோது, என் தந்தைக்குப் பேச்சு இல்லை என்று பணிவுடன் தெரிவித்தேன். சாளரத்துக்கு அப்பால் இருந்த அலுவலர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பிறகு அதற்கும் விதி இருக்கிறது என்று சொல்லி மஞ்சள் நிறப் படிவம் ஒன்றை எடுத்தார். குரலின்மைச் சான்று. விண்ணப்பதாரர் நேரில் வந்து, தமக்குக் குரல் இல்லை என்பதை அலுவலர் முன்னிலையில் வாய்மொழியாக உறுதிகூற வேண்டும். நான் அதை இருமுறை படித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கவலை வேண்டாம், அங்கே போய்ச் சேர்ந்ததும் ஒரு மனித அலுவலர் கோப்பைப் பார்த்துத் தாமாகவே சரிசெய்துவிடுவார் என்று ஆறுதல் கூறினார். நான் நன்றி தெரிவித்தேன்.

படிவங்களைக் கோத்துப் பின்னடித்துக்கொண்டிருந்த எழுத்தர் அம்மாள் என்னைத் தூணருகே அழைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "மேடம், பக்கத்து வீட்டு ஆம்பள யாரையாவது அந்த நம்பரைச் சொல்லச் சொல்லுங்க. எல்லாரும் அதத்தான் பண்றாங்க. மெஷினுக்கு என்ன தெரியும்?"

அது பொய்ச் சான்று ஆகுமே என்றேன். அவர் பின்னடிக்கும் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

இவ்விடத்தில் என்னைப் பற்றிய ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் ஒரு கிராம்கூட விட்டுக்கொடுத்துக் கையொப்பமிட்டதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமைக்கு என்ன எடை என்று அன்று எனக்குத் தெரியாது.

அயல்நாட்டு விடுதியில் இறங்கிக் கைபேசியைத் திறந்தேன். 'சரிபார்ப்புக் காப்பில் உள்ளது' என்று ஒரு வரி மட்டும் நின்றது. பெயர்ப் பட்டியலும் மூடியிருந்தது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண்கள் இரண்டே. ஒன்று அப்பாவுடையது. மற்றொன்று எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் மருந்துக்கடையுடையது. ஓராண்டாக ஒவ்வொரு மாத்திரை உறையிலும் பார்த்துப் பார்த்துப் பதிந்துபோனது.

வரவேற்பு மேசைப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு விடுதித் தொலைபேசியிலிருந்து மருந்துக்கடைக்காரரை அழைத்தேன். அவர் நல்ல மனிதர், வாய் மட்டும் சும்மா இராது. கடையைப் பாதி சாத்திவிட்டு, "உங்கப்பாவுக்காக மூணு மாடி ஏர்றேன், எனக்கு நெஞ்சு வலி வந்தா மாத்திரைய நானே எனக்குக் குடுத்துக்கணும்" என்று மூச்சுவாங்கியபடியே படியேறினார். அவருடைய கைபேசி கட்டில் கம்பியருகே வைக்கப்பட்ட ஓசை கேட்டது.

பத்திரமாக வந்து சேர்ந்ததையும், விடுதி அறையின் திரைச்சீலை பழைய பேருந்து இருக்கையின் நிறத்தில் இருப்பதையும் அப்பாவிடம் சொன்னேன். நாளை முதல் காலையில் ஓர் அழைப்பு வரும், திரையில் ஏழு இலக்கம் வரும் என்றும் சொன்னேன்.

"நீங்க எடுங்கப்பா. உங்களால முடிஞ்சத செய்யுங்க. மத்தத அவங்க பாத்துப்பாங்க."

இருமுறை தட்டினார்.

இடையில் மருந்துக்கடைக்காரர் குரல் கொடுத்தார். "அட, ஏழு நம்பர்தானேம்மா? நான் தினம் வந்து சொல்லிட்டுப் போறேன். என் குரலும் கரகரன்னு அவர் குரல் மாதிரிதான் இருக்கும்."

மிகுந்த நன்றி தெரிவித்து, முறைப்படியே சரியாகிவிடும், தங்களுக்கு எதற்கு வீண் சிரமம் என்று மறுத்துவிட்டேன். அப்பா மீண்டும் இருமுறை தட்டினார். அழைப்பைத் துண்டித்தேன். ஒன்பது நிமிடம் பேசியிருந்தோம்.

மறுநாள் என் மடிக்கணினிக்குச் செய்தி வந்தது. வாரியம் அதில் 'அருகாமை' என்ற செயலியைப் பதித்திருந்தது. திரையின் மூலையில் ஒரு பச்சை விளக்கும், 'நீங்கள் இணைப்பில் இருக்கிறீர்கள்' என்ற வரியும் இரவு பகலாகத் தெரியும். பதிவு செய்யாத எண் வழியாக அருகாமை எண்ணின் உரிமையாளரை அணுகியது 'மறைமுக அருகாமை' என்ற குற்றப்பிரிவில் வருகிறது. ஆகவே மருந்துக்கடையின் எண் நிறுத்திவைக்கப்படுகிறது என்றது செய்தி. விடுதிக்கும் ஓர் அறிவிக்கை போயிருந்தது. வரவேற்புப் பெண் என்னைக் கண்டதும் தொலைபேசியைத் தம் பக்கமாக நகர்த்திக்கொண்டார். அதையும் மரியாதையாகவே செய்தார்.

அதன்கீழ் இன்னொரு வரி இருந்தது: 'இன்றைய முயற்சி: தோல்வி. காரணம்: குரல் கிடைக்கப்பெறவில்லை.'

மனித அலுவலர் கோப்பைப் பார்க்கும்வரை பொறுப்பதே முறை என்று எண்ணினேன். அடுத்த நாளும் அதே வரி. அதற்கடுத்த நாளும் அதே. ஆறாம் ஏழாம் நாள்களில் வரியே வரவில்லை. இயந்திரத்துக்கும் வார விடுமுறை உண்டு என்று பிறகு அறிந்தேன்.

செயலியில் 'தோழி' என்னும் உரையாடல் உதவியாளர் இருந்தாள். அவளிடம் என் நிலையை விரிவாக எழுதினேன். உங்கள் வருத்தத்தை உணர்கிறேன் என்றாள். வருத்தத்தின் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாள். லேசானது, நடுத்தரமானது, பிற. 'பிற' என்பதை அழுத்தினேன். அந்த வகை தற்போது செயல்பாட்டில் இல்லை என்று வந்தது. 'நடுத்தரம்' என்று மாற்றிக்கொண்டேன்.

என் மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். அயலகத்திலிருந்து போகும் மின்னஞ்சல்கள் வாரியத்தின் வழியாகவே செல்லும். அலுவல் அஞ்சல் போகும். சொந்தச் செய்தி சரிபார்ப்பு முடியும்வரை நிறுத்தப்படும். ஆகவே பயிற்சி அறிக்கையின் குறிப்புப் பத்தியில், 0.0004 கிராம் விலகல் என்பதற்குப் பக்கத்தில், 'தயவுசெய்து யாரேனும் என் வீட்டுக்குப் போய் அப்பாவைப் பார்க்கவும்' என்று எழுதி அனுப்பினேன். என் வாழ்க்கையில் நான் செய்த முதல் முறைகேடு அது. மேலாளர் அறிக்கையைத் திருப்பி அனுப்பியிருந்தார்: 'குறிப்புப் பத்தியில் தொடர்பற்ற வாசகம். நீக்கிவிட்டு மீண்டும் அனுப்பவும்.' நீக்கிவிட்டு அனுப்பினேன்.

பயிற்சி நடந்த அறையில் பேசக்கூடாது. கதவைச் சட்டென்று திறக்கவும் கூடாது. அங்கிருந்த கருவி காகிதத்தில் இட்ட ஒரு கையொப்பத்தின் மையை எடைபோடும். அருகில் நின்று மூச்சுவிட்டாலும் முள் ஆடும். இத்தனை நுட்பமாக ஒன்று இருக்க முடிகிறதே என்று வியந்தேன். மேசையில் என் விரல் தன்னையறியாமல் இருமுறை தட்டிவிட்டது. பயிற்றுநர் திரும்பிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

எட்டாம் நாள் காலை நான் ஒரு முடிவுக்கு வந்தேன். பொய்யே சொல்லிவிடலாம். மருந்துக்கடைக்காரர் அந்த ஏழு இலக்கத்தையும் சொல்லட்டும், கரகரவென்று சொல்லட்டும், பாவம் என்னைச் சேரட்டும். ஆனால் இதை அவருக்குத் தெரிவிக்க என்னிடம் வழி இல்லை. அவர் எண் மூடியிருந்தது, என்னால்தான் மூடப்பட்டிருந்தது. ஊருக்கே திரும்பிவிடலாம் என்று பயணச்சீட்டை முன்கூட்டி மாற்ற முயன்றேன். மாற்றத்தை உறுதிசெய்யும் எண் என் கைபேசிக்கு அனுப்பப்பட்டுவிட்டது என்று விமான நிறுவனம் கனிவோடு தெரிவித்தது. கைபேசியை எடுத்துப் பார்த்தேன். 'சரிபார்ப்புக் காப்பில் உள்ளது.'

பன்னிரண்டாம் நாள் மனித அலுவலர் கிடைத்தார். இணைப்பு நல அலுவலர் என்பது அவர் பதவி. மடிக்கணினித் திரையில் தோன்றினார். பின்னால் ஒரு நற்சான்று சட்டமிட்டு மாட்டியிருந்தது. என் வேண்டுகோளைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு பேசினார்.

"மேடம், நீங்க படிச்சவங்க, புரிஞ்சுக்குவீங்க. வாரியம் ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரு தப்பான ஆளக்கூட நாங்க இணைச்சதில்ல. இது சாதாரண விஷயமில்ல. சரியான ஆளுங்கள இணைச்சோமான்னு நீங்க கேக்கலாம். அதுக்குத் தனிப் பிரிவு வரப்போகுது, ஆளெடுப்பு நடக்குது. உங்க கேஸ்ல நாங்க எங்க கடமையச் செஞ்சுட்டோம். தினம் ஃபோன் போறது. உங்கப்பாவும் எடுக்கிறார். எடுத்துட்டு நாப்பது செகண்டும் ஒரு வார்த்த பேசாம வெச்சிருக்கார். பெரியவங்க சிலபேர் இப்படித்தான், மெஷின்னா வீம்பு பண்ணுவாங்க. ஒத்துழைப்பு அவர்கிட்டதான் இல்ல, எங்ககிட்ட இல்ல."

அவருக்குப் பேச்சு இல்லை என்று மறுபடியும் சொன்னேன்.

"அது ஃபைல்ல இருக்கு மேடம். அதனாலதான் நாங்க அவர்மேல நடவடிக்க எடுக்கல."

நான் நன்றி தெரிவித்தேன். அழைப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அப்பாமீது எனக்குக் கோபம் வந்தது. பேருந்தில் சில்லறை தராத பயணியிடம்கூட அத்தனை பொறுமையாக இருந்தவர், நான் விட்டுவிட்டு வந்ததற்காக முறுக்கிக்கொள்ளாமல், ஓர் இயந்திரத்திடமும் பொறுமையாக இருக்கக்கூடாதா என்று நினைத்தேன். அத்தையையாவது ஏதேனும் செய்யச் சொல்லியிருக்கலாமே, எடுத்துவிட்டுச் சும்மா வைத்திருக்கிறாரே என்று நினைத்தேன். 'உங்க பிடிவாதம் உங்களோட' என்று அறையில் வாய்விட்டே சொன்னேன். ஐந்து நாள் அந்தக் கோபத்தோடு இருந்தேன். அது எனக்கு ஒருவிதத்தில் வசதியாகவும் இருந்தது.

பதினெட்டாம் நாள் மதியம், பயிற்சி அறைக்கு வெளியே மடிக்கணினியைத் திறந்தபோது செயலியில் வண்ணக் காகிதத் துண்டுகள் தூவுவதுபோல் ஒரு காட்சி ஓடியது. அதன் நடுவே எழுத்துகள் வந்தன. 'வாழ்த்துகள். உங்கள் இணைப்பு திறக்கப்பட்டது. காரணம்: அருகாமை எண்ணின் உரிமையாளர் இனி இல்லை என்பதால் குரல் சரிபார்ப்பு தேவைப்படவில்லை.'

கைபேசி என் கையில் உயிர்பெற்றது. பெயர்ப் பட்டியல் முழுவதும் வந்தது. 'அப்பா' என்பதை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்தார்கள். அத்தை.

"நேத்து காலையிலடி கண்ணு," என்றாள். "பத்தரைக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. உனக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியல. இந்த ஃபோன்லேருந்து யாருக்கும் போகல. மருந்துக்கடைத் தம்பி உன் ஆஃபீசத் தேடிப் போயிருக்கான், அவ லைன்லதான் இருக்கா, நீங்களே பேசிக்குங்கன்னு சொல்லிட்டாங்களாம். ரெண்டு நாள் வெச்சிருக்க முடியுமா, நீயே சொல்லு. சாயங்காலமே எடுத்துட்டோம்."

கைபேசியைத் திறந்தது எப்படி என்று கேட்டேன். இறப்புச் சான்றை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்காரர் வாரியத்துக்குப் போயிருக்கிறார். அதற்குத் தனிச் சாளரம் இருந்ததாம். குளிரூட்டிய அறை, நாற்காலி, கூட்டமே கிடையாதாம். நான்கு நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார்களாம்.

"கடைசி ரெண்டு வாரமா அண்ணன் ஒரு மாதிரி ஆயிட்டாருடி. கரண்டிய வெச்சுக்கிட்டு நாள் பூரா டொக் டொக்குன்னு தட்டிட்டே கிடந்தாரு. வேணுமான்னு கேட்டா இல்ல, வேணாமான்னு கேட்டாலும் இல்ல. சும்மா இருங்கண்ணே, தலை வலிக்குதுன்னு நான்கூடத் திட்டினேன். திட்டியிருக்கக் கூடாது."

பிறகு இருவரும் பேசவில்லை. அழைப்பை முடித்திருக்கலாம். நான் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே நின்றேன். எதற்காக நிற்கிறேன் என்று எனக்கே சற்றுப் பொறுத்துத்தான் உறைத்தது. இருமுறை தட்டும் ஓசைக்காகக் காத்திருந்தேன். அத்தைக்கும் அது புரிந்திருக்க வேண்டும். "வெச்சுடுடி" என்றாள். என்னால் முடியவில்லை. அவளே துண்டித்தாள்.

இருபதாம் நாள் ஊர் திரும்பினேன். விமானம் தரையைத் தொட்டதும் வாரியத்திலிருந்து கருத்துப் படிவம் வந்தது: எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் வழங்குவீர்கள்? மூன்று கொடுத்தேன். இரண்டு கொடுத்தால் காரணம் எழுதச் சொல்வார்கள். அதற்கும் ஐம்பது எழுத்துதான்.

அப்பாவுக்கு வந்த அழைப்புகளின் ஒலிப்பதிவு வேண்டும் என்று விண்ணப்பித்தேன். ஏன் கேட்டேன் என்றால், அவர் அந்த நாற்பது நொடியும் என்னதான் செய்துகொண்டிருந்தார் என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். மூச்சாவது கேட்கும் அல்லவா. குரலின் உரிமையாளர் இசைவளிக்க வேண்டும் என்று பதில் வந்தது. அவர் இல்லை என்று எழுதினேன். அப்படியானால் குரல் யாருடையது என்பதை முதலில் நிறுவ வேண்டும் என்றார்கள். பதிவில் குரலே இல்லை என்று நீங்கள்தானே தெரிவித்தீர்கள் என்று மிகவும் பணிவாக நினைவூட்டினேன். அந்த வாதத்தைப் பரிசீலிக்க ஒரு குழு அமைத்தார்கள். எட்டு மாதம் கழித்து அழைப்பு வந்தது.

சாளரத்தில் அதே எழுத்தர் அம்மாள் இருந்தார். ஒலிப்பதிவு அடங்கிய உறையையும் அச்சிட்ட பதிவேட்டையும் ஒன்றாகப் பின்னடித்து என்னிடம் நீட்டினார்.

"அன்னிக்கே சொன்னேன்ல மேடம்" என்றார். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

வீட்டில் அப்பாவின் கட்டிலில் அமர்ந்து மடிக்கணினியில் கேட்டேன். பதிவுகள் பன்னிரண்டு. முதற்பதிவில் இயந்திரத்தின் இனிய குரல் வணக்கம் கூறி, உறுதி எண்ணைச் சொல்லுமாறு வேண்டியது. பிறகு அத்தையின் குரல் எட்டத்தில்: கண்ணாடி போட்டுக்குங்கண்ணே. பிறகு ஓர் ஓசை.

டொக். டொக். டொக். டொக்.

சற்று இடைவெளி. டொக். மீண்டும் இடைவெளி. பிறகு ஏழு முறை, மெல்ல, எண்ணி எண்ணி. அதன்பின் கரண்டியைக் கம்பியின்மேல் நீளமாக இழுக்கும் ஓசை. எனக்கு முதலில் விளங்கவில்லை. பதிவேட்டைப் பிரித்து அன்றைய உறுதி எண்ணைப் பார்த்தேன். நான்கு, ஒன்று, ஏழு, சுழியம்.

சுழியத்தை எப்படித் தட்டுவது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. தாமே கண்டுபிடித்திருக்கிறார்.

நான்கு இலக்கத்தோடு அன்றைய நாற்பது நொடி தீர்ந்துவிட்டது. இரண்டாம் நாள் ஆறு இலக்கம் வரை வந்துவிட்டார். மூன்றாம் நாள் ஏழும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஏழும். நாளுக்கு நாள் வேகம் கூடியிருந்தது, கடைசியில் ஐந்து நொடி மிச்சம் வைக்கும் அளவுக்கு. நாள் பூரா தட்டிக்கொண்டே கிடந்தார் என்று அத்தை சொன்னாளே, அவர் பழகிக்கொண்டிருந்திருக்கிறார். உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள் என்று நான் சொல்லியிருந்தேன். செய்துகொண்டிருந்தார். பதிவேட்டை வைத்து ஒவ்வோர் இலக்கத்தையும் சரிபார்த்தேன். எனக்குத் தெரிந்த தொழில் அதுதானே. ஒன்றிலும் பிழையில்லை.

பதிவேட்டில் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே ஒரே வாசகம் இருந்தது: 'பின்னணி இரைச்சல்: உலோகம். நீக்கப்பட்டது. குரல் கிடைக்கப்பெறவில்லை.'

பன்னிரண்டாவது பதிவு, நான் கிளம்பியதிலிருந்து பதினேழாம் நாள், காலை பத்து இருபது. இயந்திரம் வணக்கம் கூறியது. அத்தையின் குரல் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. நீளமாக, இடையிடையே நின்று. முப்பது நொடிக்கு மேல் வேறு ஓசையே இல்லை. பிறகு ஒரே ஒருமுறை தட்டினார்.

அந்த அறையில், அந்த நேரத்தில், அந்த ஓசையைக் கேட்டவர் ஒருவரும் இல்லை. கேட்ட இயந்திரத்துக்கு அதன் பொருள் தெரியாது. தெரிந்த நான் கடல்கடந்து, பச்சை விளக்குக்கு முன்னால், அவர்மீது கோபமாக உட்கார்ந்திருந்தேன்.

வாரியத்தின் இறுதிப் படிவத்தில் 'ஏற்பட்ட இழப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் இடம் போதாததால் இங்கே தருகிறேன். தவறிருந்தால் திருத்திக்கொள்ள ஆயத்தமாயிருக்கிறேன்.

பயணம் இருபது நாள். பச்சை விளக்கு எரிந்தது நானூற்று எண்பது மணி நேரம். ஒரு நிமிடமும் அணையவில்லை. அப்பாவிடம் பேசியது ஒன்பது நிமிடம். மருந்துக்கடையின் எண் மூடியிருந்தது பதினாறு நாள். அப்பா சரியாகத் தட்டிய இலக்கங்கள் எழுபத்து மூன்று. ஏற்றுக்கொள்ளப்பட்டவை இல்லை. நான் அவர்மீது கோபமாக இருந்தது ஐந்து நாள். அதைத் திருப்பிக் கொடுக்க இயலவில்லை. நான் சொல்ல மறுத்த பொய் ஒன்று. மருந்துக் கரண்டி ஒன்று, காம்பு சற்று வளைந்தது. அத்தை அதை எங்கே வைத்தாள் என்று நான் இன்னும் கேட்கவில்லை.

இரு தட்டலாக வந்த விடை, முதல் நாளோடு சரி. ஒரு தட்டலாக வந்த அழைப்பு ஒன்று. வண்டி நிற்கவில்லை.